இறங்கத் தெரியாத விமானி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவருக்கு மனிதர்களை உச்சந்தலையை வைத்துத்தான் அடையாளம் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக நூற்றுப் பன்னிரண்டு படி ஏறிப்போய், கண்ணாடித் தரை போட்ட கேபினுக்குள் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே குனிந்தபடி உலகத்தைப் பார்த்தவர். மேஸ்திரிக்கு வட்ட வழுக்கை, அதன் ஓரத்தில் ஒரு தழும்பு. சரக்குச் சரிபார்ப்பவருக்குக் கோணல் வகிடு. கீழே வந்து முகத்துக்கு முகம் பார்த்தால்தான் குழப்பம். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம் அரைமணி நேரம் மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். அந்த ஆள் கீழே விழுந்த குடையை எடுக்கக் குனிந்தபோதுதான், “அட, மேஸ்திரியா நீங்க!” என்றார். மேஸ்திரி ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிச் சொல்லித் துறைமுகம் முழுக்கச் சிரிக்க வைத்தார்.

“நான் எங்கயாவது தொலைஞ்சு போனா, போலீஸ்காரங்ககிட்ட போய் என் வகிட்டைத்தான் சொல்லுவீங்க,” என்பாள் அவர் மனைவி.

உயரத்திலிருந்து அவர் முகமாகப் பார்த்த ஒரே ஆள் சைகைக்காரர். வேலை நேரம் முழுக்க அண்ணாந்து நிற்கிறவர் அவர் ஒருவர்தான். கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. மேலே இருப்பவன் சரக்கை நம்பக் கூடாது, தரையை நம்பக் கூடாது, தன் கண்ணையும் நம்பக் கூடாது. கீழே நிற்பவனின் கையை மட்டும் நம்ப வேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. சரக்குக்கும் லாரிக்கும் இடையே ஒரு சாண் இருக்கிறதா, ஓர் ஆள் உயரம் இருக்கிறதா, இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். சைகைக்காரர் சுட்டுவிரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு. மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கையை நீட்டி அசையாமல் வைத்தால் நில். இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் பதினான்கு வருஷம் பேசினார்கள். சில தம்பதிகளுக்கு அந்த மூன்றுகூடக் கூடிவருவதில்லை.

சைகைக்காரர் மூன்று வயது மூத்தவர். இவர் “அண்ணே” என்று கூப்பிடுவார். அவர் இவரை “மாடிவீட்டுக்காரரே” என்பார். “மாடிவீட்டுக்காரரே, தண்ணி சிந்துது, பார்த்துக் குடிங்க,” என்று மழை நாளில் மேலே பார்த்துக் கத்துவார்.

அந்தப் பேச்சு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முறிந்தது. இயந்திரப் பெட்டி ஒன்றை லாரியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஒரு முழம் இருக்கும்போது பெட்டி நிற்காமல் இறங்கி லாரியின் தட்டில் மோதியது. லாரியின் அச்சு முறிந்து பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. ஓட்டுநர் தண்ணீர் குடிக்க இறங்கிப் போயிருந்ததால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கி வந்தார் கிரேன்காரர்.

“நில்லுன்னுதானே காட்டினேன்!” என்றார் சைகைக்காரர். முகத்தில் ரத்தமே இல்லை.

“இறக்குன்னுதான் காட்டினீங்க அண்ணே. ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“என்ன சொல்றீங்க? நில்லுன்னு கையை நீட்டினேன்யா!”

“விரல் சுத்துச்சு அண்ணே. நான் பொய் சொல்லுவேனா?”

இருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். பார்த்த சாட்சி என்று யாரும் இல்லை. மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை விசாரணை, அதுவரை இருவரும் வேலைக்கு வர வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். விசாரணை எந்தப் பக்கம் சாயும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தவறுகூடச் செய்யாத கிரேன்காரர் ஒரு பக்கம், வெறும் கையை வைத்துப் பிழைக்கிற ஒருவர் மறுபக்கம். சைகைக்காரரின் பெயரை அடித்து, அவரைச் சுமை தூக்குகிற கும்பலுக்கு அனுப்பிவிடுவார்கள். தினமும் காலையில் வாசலில் நின்று, கூப்பிட்டால் உள்ளே போக வேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒருவேளை மாறி நடந்தால் கிரேன்காரருக்குக் கேபின் போய்விடும்.

கிரேன்காரருக்கு வருத்தம் இருந்தது, உறுத்தல் இல்லை. பார்த்ததைத்தானே எழுதினோம் என்று இருந்தார்.

வேலைக்குப் போகாத ஆம்பிளை வீட்டுக்குள் ஒரு பீரோ மாதிரி. எங்கே வைத்தாலும் இடிக்கும். குழாயில் சொட்டுவதை நிறுத்துகிறேன் என்று கழற்றி, சொட்டிக்கொண்டிருந்ததை ஊற்றெடுக்க வைத்தார். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கிறுக்கல் எழுத்தைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஓர் எழுத்துப் புரியாவிட்டாலும் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவாள். அதற்காக டாக்டர்களிடம் வாங்கிக்கட்டிக்கொள்வதும் உண்டு. “திட்டினா காது வலிக்கும், அவ்வளவுதான். ஊகிச்சுக் குடுத்தா வேற யாருக்கோ உயிர் வலிக்கும்,” என்பாள்.

அவளுடைய தம்பியும் அவர்களோடுதான் இருந்தான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த அளவு சத்தத்தை அவன் ஒருவனே போட்டுவிடுவான். டிவி, ரேடியோ விற்கிற கடையில் விற்பனையாளன். கடையில் பார்வைக்கு வைத்து, யாரும் வாங்காமல் தூசி படிந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டரை முதலாளியிடம் கெஞ்சி வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தான். கம்ப்யூட்டர் என்றால் ஒரு விசைப்பலகை, அவ்வளவுதான். அதை டிவியோடு இணைத்து, பக்கத்தில் கேசட் ரெக்கார்டரை வைத்து, விளையாட்டு இருக்கிற கேசட்டைப் போட்டால், பூனையை வாலில் மிதித்தது மாதிரி ஐந்து நிமிஷம் கத்தும். அப்புறம் திரையில் படம் வரும்.

“அத்தான், சும்மா குழாயைப் புடுங்கறதுக்கு இதைப் புடிச்சு ஆட்டுங்க,” என்று ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்தான் மைத்துனன். “போர் விமானம். மேல பறந்து எதிரி விமானத்தைச் சுடணும். அஞ்சைச் சுட்டா பதவி உயர்வு.”

“சுடறதெல்லாம் நமக்கு எதுக்கு மாப்ள?”

“உங்களை நிஜமாவா சுடச் சொன்னேன்? அதுல இருக்கறது நாலு கோடு, ரெண்டு புள்ளி. அதுக்கு ரத்தமே கிடையாது.”

நீலம் பாதி, பச்சை பாதி. நீலம் வானம், பச்சை தரை. நடுவில் ஒரு சிலுவைக்குறி. கீழே வரிசையாக எண்கள்: வேகம், உயரம், எரிபொருள். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி பெரிதாகி இறக்கை முளைத்து, பக்கத்தில் வந்ததும் விர்ரென்று ஒதுங்கிப் போகும். அதுதான் எதிரி. மைத்துனன் சுட்டால் குண்டெல்லாம் வெறும் வானத்தில் போகும். கிரேன்காரருக்கோ இரண்டாம் நாளே கை வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஐந்து விமானங்களையும் ஒரே மூச்சில் வீழ்த்தினார்.

மைத்துனன் வாயைப் பிளந்தான். “எப்படி அத்தான்? நீங்க அவன் இருக்கற இடத்துல சுடலை. அவன் எங்க வரப்போறானோ அங்க சுடறீங்க.”

“கயித்துல தொங்கற சரக்கு அப்படித்தான் மாப்ள. அது ஆடிட்டே இருக்கும். இப்ப எங்க இருக்குன்னு பார்த்து லிவரைத் தள்ளினா வேலைக்கு ஆகாது. அடுத்து எங்க போகும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆனால் இறக்கத்தான் தெரியவில்லை. ஐந்தையும் சுட்டபிறகு விமானத்தை ஓடுபாதையில் இறக்கினால்தான் பதவி உயர்வு. தரையில் மோதினால் சுட்டதெல்லாம் அழிந்து மறுபடியும் பூஜ்யம். கிரேன்காரர் வானத்தில் ஒருமுறைகூடச் சாகவில்லை, செத்ததெல்லாம் வீட்டு வாசலில். ஓடுபாதை ஒரு சின்னக் கோட்டிலிருந்து விரிந்து வரும். இன்னும் உயரம் இருக்கிறது என்று நினைப்பார், அதற்குள் பச்சை எழும்பி முகத்தில் அறையும். பிர்ர் என்று ஒரு சத்தம். திரை உறைந்து நிற்கும்.

“உயரம் கீழ எண்ணுல இருக்கு அத்தான். அதைப் பார்த்து இறக்குங்க.”

“எண்ணைப் பார்த்தா பாதை தெரியலை. பாதையைப் பார்த்தா எண் தெரியலை. ரெண்டையும் பார்க்க நான் என்ன ஓணானா?”

“விமானத்துல போறவன் எல்லாம் ஓணானா அத்தான்?”

“எனக்கு எண்ணைப் பார்த்துப் பழக்கமில்லை மாப்ள. கையைப் பார்த்துத்தான் பழக்கம்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே ஒரு யோசனை தட்டியது. ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் விசாரணை. மதியம் சாப்பிட்டு முடித்து மனைவி தலையணையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு டிவியின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

“நீ உயரத்தை மட்டும் பாரு. என்னைப் பார்க்காதே, ஓடுபாதையைப் பார்க்காதே. வேகமா இறங்கறேன்னா கையை இப்படி நீட்டு. அது நில். சரியா இருந்தா விரலைக் கீழ சுத்து. அது இறக்கு. ரொம்பத் தாழ்ந்துட்டேன்னா மேல சுத்து.”

“எது சரி, எது வேகம்னு நான் எப்படிச் சொல்றது?”

மைத்துனன் ஒரு காகிதத்தில் உயரத்தைப் படிப்படியாக எழுதிக் கொடுத்தான். எந்த உயரத்தில் எதைக் காட்ட வேண்டும் என்று பக்கத்திலேயே குறித்திருந்தான். மனைவி அதை மருந்துச் சீட்டு மாதிரி இரண்டு தடவை படித்தாள். ஓர் எண் ஏழா ஒன்றா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டாள். அப்புறம் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ம். பறங்க.”

ஐந்தும் விழுந்தன. கிரேன்காரர் விமானத்தைத் திருப்பினார். ஓடுபாதை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மனைவியின் சுட்டுவிரல் கீழே சுழன்றது. இறக்கினார். கை நீண்டது. நிறுத்தினார். மறுபடி விரல் சுழன்றது. வெகுநாளைக்குப் பிறகு அவர் தோள் தளர்ந்து இலகுவாயிற்று. கண் ஒரு கையிலும், கை ஒரு லிவரிலும் இருந்தால் போதும், அவருக்கு உலகம் சரியாக இருக்கும். ஓடுபாதை அகன்றது.

பிர்ர்.

“அட! கடைசியில விட்டுட்டியேம்மா.”

“நான் எங்க விட்டேன்? நில்லுன்னு காட்டினேன், நீங்க இறங்கினீங்க.”

“இறக்குன்னு காட்டினே.”

“காட்டலைங்க.”

“விரல் சுத்துச்சு. நான் பார்த்தேன்.”

கணவன் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொண்ட விதம் வேறு மாதிரி இருந்தது. அதே வார்த்தைகளை மூன்று வாரமாக அவள் அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“இன்னொரு தடவை,” என்றாள். “தம்பி, நீ திரையைப் பார்க்காதே. எங்க ரெண்டு பேர் கையை மட்டும் பாரு.”

“நான் என்ன நடுவரா?”

“பாருடா.”

மறுபடியும் ஐந்து, மறுபடியும் திருப்பம். சுழன்றது, நின்றது, சுழன்றது. மறுபடியும் பிர்ர்.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். “அக்கா கை நின்னுதான் இருந்துச்சு அத்தான். உங்க கைதான் முன்னாடியே எறங்கிடுச்சு.”

“ரெண்டு பேரும் கூடிப்பேசி வச்சிருக்கீங்களா?”

“ஆமா, இதுக்காக மலை உச்சியில போய் மாநாடு போட்டோம்.”

மூன்றாம் தடவை மனைவி யாரிடமும் சொல்லாமல் ஒன்று செய்தாள். காகிதத்தில் இருந்த வரிசையை ஓரிடத்தில் மாற்றினாள். ‘இறக்கு’ காட்ட வேண்டிய இடத்தில் ‘நில்’ காட்டினாள். விமானம் தரையில் மோதித் திரை உறைந்தது. அவள் கையை எடுக்கவில்லை. உள்ளங்கை கவிழ்ந்து, கை நேராக நீண்டு, வளையல்கூட அசையாமல் அப்படியே இருந்தது.

“கையை எடுக்க மாட்டேன்,” என்றாள். “நீங்க வந்து பாருங்க.”

கிரேன்காரர் பார்த்தார். அது நில். அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனால் அவர் கண்ணுக்குள் இன்னும் ஒரு விரல் சுழன்றுகொண்டிருந்தது. அரை விநாடிக்கு முன்னால் அதை அவர் பார்த்தார். நகத்தோடு, மோதிரத்தோடு பார்த்தார். எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். அந்த விரல் இங்கே இல்லை.

அன்றைக்கு லாரிப் பக்கத்தில் நின்ற சைகைக்காரரின் விரலையும் அதே தெளிவோடுதான் பார்த்தார்.

பதினான்கு வருஷம். நில், இறக்கு, நில், இறக்கு. அடுத்தது என்ன என்று கைக்குத் தெரிந்துவிட்டது. கை முதலில் போகிறது. அப்புறம் கண்ணைக் கூப்பிட்டு, நீ இதைத்தான் பார்த்தாய் என்று சொல்லிவைக்கிறது. கண்ணும் ஆமாம் என்கிறது.

“போதும், கையைக் கீழ போடு, வலிக்கும்,” என்றார்.

டிவியை அணைத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் பின்னாலேயே வந்து நின்றான்.

“அத்தான், விளையாட்டு வேற, வேலை வேற. இதை வச்சு அதை முடிவு பண்ண முடியுமா? நாளைக்கு வாயைத் திறக்காம இருந்தா உங்க பக்கம்தான். நாமளா போய்த் தலையைக் குடுக்கணுமா?”

“உன் அக்காகிட்ட கேளு.”

“நான் எதுவும் சொல்லலை,” என்றாள் மனைவி. “அன்னைக்கு நான் அங்க இல்லை. தெரியாததை ஊகிச்சுச் சொல்ல மாட்டேன்.”

“எனக்கும் நிச்சயமாத் தெரியாது,” என்றார் கிரேன்காரர்.

“அப்போ அதைச் சொல்லுங்க.”

அவருக்கு அந்தக் கேபினை விட்டால் வேறு இடம் இல்லை. ஒன்பது மணி வெயிலில் கடல் தகரம் மாதிரி மின்னுவதும், கப்பல்கள் தட்டில் வைத்த சாமான் மாதிரி நிற்பதும், கீழே இருக்கிறவர்களின் சச்சரவு எதுவும் மேலே வந்து சேராததும் அவருக்கு இருபத்திரண்டு வருஷச் சொத்து. கூட்டத்தில் பேச வராது, கல்யாண வீட்டில் யாரோடு உட்காருவது என்று தெரியாது. மேலே போனால் மட்டும் அவர் முழு ஆள். அதை நாளைக்குத் தன் வாயாலேயே விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இன்னொருவர் தினமும் காலையில் வாசலில் போய் நிற்க வேண்டும். இரண்டையும் மனதில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இருட்டுவதற்குள் எழுந்து போய், தான் கெடுத்த குழாயை ஒரு வழியாக இறுக்கிச் சரிசெய்தார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, மேலே ஒரு மின்விசிறி, மூலையில் தட்டச்சு செய்கிற பெண். பாதுகாப்பு அதிகாரி இரண்டு வாக்குமூலத்தையும் முன்னால் வைத்திருந்தார். சைகைக்காரர் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். மூன்று வாரத்தில் சட்டை ஓர் அளவு பெரிதாகியிருந்தது. இவரைப் பார்க்கவில்லை.

“ஏற்கெனவே எழுதிக் குடுத்ததுல ஏதாவது மாத்தம் உண்டா?” என்றார் அதிகாரி. கேட்கும்போதே அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

“உண்டுங்க. முழுசா மாத்தணும்.”

அதிகாரி பக்கத்தைத் திரும்பப் புரட்டினார்.

“அவர் நில்லுன்னுதான் காட்டியிருப்பார். நான்தான் முந்தி இறக்கியிருக்கேன்.”

“அப்போ இதுல பொய்யா எழுதினீங்களா?”

“இல்லைங்க. எழுதறப்போ உண்மைன்னுதான் எழுதினேன்.”

“நடுவில என்ன ஆச்சு? யாராவது உங்களை மிரட்டினாங்களா?”

“இல்லைங்க. வீட்ல விமானம் ஓட்டினேன்.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கிரேன்காரர் பிடித்த நூலை விடாமல், கேசட்டிலிருந்து ஆரம்பித்து, ஐந்து எதிரி விமானம், ஓடுபாதை, மனைவியின் கை, உறைந்த திரை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

“சார், இதை எப்படித் தட்டறது?” என்றாள் தட்டச்சுப் பெண், மெதுவாக.

அதிகாரி கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். “வீட்டில் செய்து பார்த்த பயிற்சியின் மூலம் தன் தவறை உணர்ந்ததாகத் தெரிவித்தார். அப்படிப் போடும்மா. எதிரி விமானமெல்லாம் வேண்டாம்.”

வெளியே வராந்தாவில் சைகைக்காரர் நின்றார். கிரேன்காரர் பக்கத்தில் போனார்.

“அண்ணே.”

“மூணு வாரம்,” என்றார் சைகைக்காரர். “என் மச்சினன் வீட்டுக்கு வந்து, ‘குடிச்சிருந்தீங்களா மாமா?’ன்னு கேட்டான். என் பொண்டாட்டி அவனை வெளிய போன்னு சொல்லலை. பேசாம இருந்தா.” படியின் பக்கம் திரும்பினார். “நீங்க நல்லதுதான் பண்ணீங்க. ஆனா இப்ப உங்களோட உட்கார்ந்து பேச எனக்கு வரலை.”

அவர் படி இறங்கிப் போனார். கிரேன்காரர் அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினான்கு வருஷத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை. நடுவில் ரூபாய் அளவுக்கு முடி உதிர்ந்திருந்தது.

தீர்ப்பு அந்த வாரமே வந்தது. சைகைக்காரருக்கு அதே வேலை. கிரேன்காரருக்கு ஆறு மாதம் கேபின் கிடையாது, சாமான் கிடங்கில் வேலை, அதற்குப் பிறகு மறுபடி தேர்வு. கிடங்கு என்பது நீளமான தகரக் கொட்டகை. கயிறு, சங்கிலி, கொக்கி, கிரீஸ் டப்பா. வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் எல்லோரும் முகத்தோடு வந்து நின்றதால் அவருக்கு ஒருவரையும் தெரியவில்லை. மேஸ்திரி மட்டும் இரக்கப்பட்டு, வாசலிலேயே தலையைக் குனிந்து வழுக்கையைக் காட்டிவிட்டு உள்ளே வருவார். “நான்தான், பயப்படாதீங்க.”

சைகைக்காரர் மட்டும் வரவில்லை. தேவையான சாமானுக்கு வேறு ஆளை அனுப்பினார். எட்டாவது வாரம் ஒரு மதியம் அவரே வந்தார். சரக்குக் கட்டுகிற கயிறு வேண்டும் என்றார். கிரேன்காரர் எடுத்து வைத்தார். வாங்கியவர் போகாமல் தோளைப் பிடித்து நீவிக்கொண்டார்.

“என்ன அண்ணே, தோள் வலியா?”

“கை கழண்டு போகுதுய்யா. புதுசா வந்திருக்காரே மேல, மாற்றல்ல வந்தவர். நான் விரலை முழுசா ஒரு சுத்து சுத்தற வரைக்கும் லிவரைத் தொட மாட்டார். நில்லுன்னா தோளுக்கு நேரா கை நீளணும். பாதியில விட்டா அங்கயே உட்கார்ந்து முறைக்கறார். ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி! ராத்திரி சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோக முடியலை.”

“நல்ல ஆள்தானே.”

“நல்ல ஆள்தான்.” கயிற்றின் முனையை உருட்டிக்கொண்டே இருந்தார். “உங்களுக்குக் காட்டறப்போ எனக்கு இவ்வளவு வேலையே இல்லை. முழங்கை வரைக்கும்தான் தூக்குவேன். விரலைக் கொஞ்சம் மடக்கினாலே போதும், நீங்க மீதியை முடிச்சிருவீங்க. அன்னைக்கு நில்லுன்னு காட்டினேனான்னா, காட்டினேன். இவருக்குக் காட்டற மாதிரி முழுசா நீட்டினேனான்னு…” உதட்டைப் பிதுக்கினார். “எனக்கே தெரியலை.”

கொட்டகையின் தகரத்தில் வெயில் சடசடத்தது. கிரேன்காரருக்கு முதலில் சுர்ரென்று ஏறியது. ஆறு மாதம். இவ்வளவையும் மனசில் வைத்துக்கொண்டா அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்?

“விசாரணையில சொல்லியிருக்கலாமே அண்ணே.”

“அப்போ எனக்குத் தோணவே இல்லை. இந்த ஆள் வந்து தோள் வலிச்சப்புறம்தான் தோணுச்சு.” தோளை மறுபடி நீவினார். “தோணியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், மாடிவீட்டுக்காரரே. அவ்வளவு தைரியம் எனக்கு ஏது? எங்க வீட்ல டிவிகூடக் கிடையாது.”

கிரேன்காரர் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை. சிரிப்பு வந்ததும் ஏறியது இறங்கிவிட்டது. முழுக்க இல்லை, பாதி.

“அப்போ ஆறு மாசத்துல மூணு மாசம் உங்களுது.”

“எழுதிக் குடுத்துடறேன். மூணு மாசம் நான் இங்க நிழல்ல உட்கார்ந்திருக்கேன், நீங்க போய் அந்த மனுஷனுக்குக் கையைக் காட்டுங்க. தெரியும் சேதி.”

“வேண்டாம் அண்ணே, எழுத வேண்டாம். அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அந்த விமானத்தை நான் இன்னும் ஒரு தடவைகூட உருப்படியா இறக்கலை. என் வீட்டுக்காரி உயரத்தைப் படிச்சுச் சொல்லட்டும். நீங்க காட்டுங்க. நீங்க முழுசாக் காட்டணும், நான் முழுசாப் பார்த்துட்டுத்தான் தொடணும்.”

“தோளுக்கு நேரா நீட்டணுமா?”

“நீட்டணும்.”

“எவ்வளவு பெரிய ரூம்?”

“சின்னதுதான். நீட்டினா பீரோவுல இடிக்கும்.”

சைகைக்காரர் நோட்டில் கையெழுத்துப் போட்டார். வலிக்காத தோளில் கயிற்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

“பீரோவைத் தள்ளி வைங்க,” என்றார். “நாலு மணிக்கு வர்றேன்.”